கீழ்ப்பிடி ஆள்

முழங்காலில் கட்டோடு கட்டிலில் கிடந்தவனைப் போன வாரக் கதையில் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இன்று கட்டு இல்லை. கால் தரையில் ஊன்றுகிறது. ஆனால் ஆள் வாசற்படியில் ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கத்தான் காணோம்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவன். கூட வேலை செய்கிறவர்கள் அவனைத் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். கனமான சாமானை மாடிப்படியில் இறக்கும்போது கீழே நிற்கிறவன் மேல்தான் மொத்தப் பாரமும் சாயும். அந்த இடத்துக்குக் கீழ்ப்பிடி என்று பெயர். கூட்டத்திலேயே கனத்த ஆள் எவனோ அவனுக்குத்தான் அது. எத்தனையோ வருஷமாக அது தூணுடைய இடம். உடம்பு அவனுக்கு அழகும் இல்லை, அசிங்கமும் இல்லை. தொழில் கருவி. கொத்தனுக்குக் கரண்டி மாதிரி.

அந்தக் கருவியைத்தான் தேய்த்துக் கொண்டு வரச் சொன்னார்கள்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி மெஷினோடு குடித்தனம். அத்தானுடையது பொருந்தவில்லை. தம்பியுடையது பொருந்தியது. ஆனால் இந்த எடையோடும் இந்த ரத்த அழுத்தத்தோடும் இவனை அறுக்க முடியாது, இரண்டும் இறங்கட்டும், பிறகு பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. விடிந்ததும் நடந்தான். பொரித்ததை விட்டான். பெல்ட்டில் புது ஓட்டை விழுந்தது. அத்தான் அதைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். அங்கேதான் தூணுக்குத் தொழில் புத்தி குறுக்கே வந்தது. வீடு காலி பண்ணுகிறவனுக்கு எதையும் ஒரே நாளில் காலி பண்ணித்தான் பழக்கம். ஒரு நாற்காலி இன்றைக்கு, ஒரு மேஜை நாளைக்கு என்று எவன் வீடு மாற்றுவான்? டாக்டர் சொன்ன நிதானம் அவனுக்குச் சோம்பேறித்தனமாகப் பட்டது. வயிற்றில் ஒன்றும் போடாமல், காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு, மாடியிலிருந்து ஒரு கண்ணாடி பீரோவை இறக்கினான்.

கண் இருட்டியது. பீரோ சறுக்கியது. முழங்கால் மடங்கியது. கண்ணாடி படி படியாக உருண்டு தெருவரைக்கும் போனது.

படுத்திருந்த நாட்களில், இறங்கின எடையெல்லாம் வீடு தேடித் திரும்பி வந்தது. வரும்போது துணைக்கு இன்னும் கொஞ்சத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இப்போது வாசற்படியில் அவனைக் குழப்புவது அந்த முழங்கால்தான். குளியலறைக்குப் போகும்போது வலிக்காத கால், ஷூவைப் பார்த்தால் வலிக்கிறது. வலி நிஜம். இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் அது ஷூவுக்கு முன்னால் வந்த வலியா, பின்னால் வந்த வலியா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது.

மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை அவளுக்கு. முன்பெல்லாம் அவன் எழுந்திருக்கவில்லை என்றால் போர்வையை உருவி நடக்க விரட்டுகிறவள். இன்றைக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது, நாளைக்கு நடந்துகொள்ளலாம், வேலைக்கு நேரமாகிறது என்றாள். மத்தியானம் ஆஸ்பத்திரியில் உறுப்பு கொடுக்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற அம்மா இரண்டு பேரையும் வரச் சொல்லியிருப்பதை ஞாபகப்படுத்தினாள்.

வானத்தில் அப்படியொன்றும் மேகம் இல்லை. தூணுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் ஷூவைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டான்.

விழுந்த பிறகு இதுதான் முதல் நாள் வேலை. மேஸ்திரி அவனை மாடிப்படி பக்கமே விடவில்லை. கண்ணாடிச் சாமானைக் காகிதத்தில் சுற்றுகிற வேலையைக் கொடுத்தார். காலி அறையின் நடுவில் உட்கார்ந்து, வாழைப்பழம் போன்ற விரல்களால், யாருடையதோ டீக்கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சுற்றினான். வெளியே படியில் புது ஆள் ஒருவன் கீழ்ப்பிடி பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்கினான், ஆனால் பெட்டி நகர்ந்தது. தான் இல்லாமலும் அது நகரும் என்பதைத் தூண் அன்றைக்குத்தான் பார்த்தான்.

மத்தியானம் லாரியின் பின்கதவை இறக்கி, அதன் மேல் எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். வருஷக்கணக்காக மேல்பிடி பிடிக்கிற கூட்டாளியைக் குட்டை என்பார்கள். இருவரும் ஒரே பீரோவின் இரண்டு முனையில் வயதானவர்கள். குட்டை எட்டிப் பார்த்தான்.

"பத்தியச் சாப்பாடா? காட்டு, எப்படித்தான் திங்கறியோ பாப்போம்."

ஒரு ரொட்டித் துண்டைக் காய்கறி சூப்பில் முக்கி வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். மறுபடி முக்கினான்.

"டேய் தூணு, இதுவா பத்தியம்? இந்த வியாதி எனக்கும் வரட்டும்டா."

"காய்கறிதான்டா அது."

"காய்கறியா? ஒரு மாட்டையே இதுக்குள்ள கறந்து விட்டிருக்கா எங்க அண்ணி."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆளாளுக்கு ஒரு துண்டு முக்கினார்கள். தூண் கடைசியாக ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்து, இறக்காமல் நிறுத்திப் பார்த்தான். வெண்ணெய். பாலாடை. நன்றாக மசித்து, கண்ணுக்குத் தெரியாதபடி கரைத்து விட்டிருந்தது.

அவளுக்கு அது கைவந்த கலை. பள்ளிக்கூடத்தில் காய்கறி என்றால் முகத்தைத் திருப்பும் பிள்ளைகளுக்கு, கேரட்டைக் கேக்குக்குள்ளும் கீரையை முட்டைக்குள்ளும் ஒளித்து ஊட்டிவிடுகிறவள். அதே வித்தையை வீட்டில் தலைகீழாகச் செய்திருக்கிறாள்.

ஆனால் தூணைத் தூக்கிவாரிப் போட்டது அது இல்லை. இத்தனை நாளாக இந்தச் சூப்பைக் குடித்தவன் அவன். குட்டையின் நாக்கு ஒரே வாயில் கண்டுபிடித்ததை அவனுடைய நாக்கு ஏன் கண்டுபிடிக்கவில்லை? படுக்கையில் இருந்தபோது இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தது ஞாபகம் வந்தது. பத்தியம் ருசிக்க ஆரம்பித்துவிட்டது என்று அத்தானிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

யோசித்துக்கொண்டே குனிந்தால் கையில் ஒரு கோழி எலும்பு இருந்தது. வறுத்த கோழி. யார் கொடுத்தார்கள், எப்போது வாங்கினான், எப்போது தின்றான், ஒன்றும் தெரியவில்லை. எலும்பு மட்டும் சுத்தமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி முன்னாடியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சமையலறை ஏப்ரனைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்திருந்தாள். தூண் பக்கத்தில் உட்கார்ந்ததும் பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன் அவன். நேரே கேட்டான்.

"சூப்புல என்ன போட்ட?"

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள்.

"வெண்ணெய்." கொஞ்சம் கழித்து, "பாலாடையும்."

"எப்பலேருந்து?"

"நீங்க விழுந்ததிலேருந்து."

பட்டினி கிடந்து விழுந்த உடம்புக்குத் தெம்பு வேண்டாமா என்று கேட்டாள். அன்றைக்கு நாலு பேர் கைத்தாங்கலாக அவனை வாசலில் கொண்டுவந்து இறக்கியதை அவன் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள். வீட்டு வாடகையிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடம்வரை அந்த முதுகில்தான் ஏறி நிற்கிறது. அந்த முதுகு மடங்கி வந்ததைப் பார்த்தவள், அளந்து வேகவைத்த காயை மட்டும் எப்படி நீட்டுவாள்? எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல், அடுப்பில் எதையோ கிளறுகிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள்.

"முதல்ல தெம்புக்குத்தான் போட்டேன். அப்புறம் எதுக்குப் போட்டேன்னு கேக்காதீங்க."

"அக்கா செத்துடுவாடி."

"தெரியும். அந்தச் சூப்பைக் கிண்டறப்பல்லாம் அவங்க முகம்தான் கண்ணு முன்னால வருது. வந்தாலும் கிண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வழி விட்டுக் காத்திருந்தான். வரவில்லை. அதற்குப் பதிலாக அப்பாடா என்று இருந்தது. முதுகிலிருந்து யாரோ ஒரு பெட்டியை இறக்கி வைத்த மாதிரி. எடை ஏறினது தன் குற்றமில்லை என்கிற நிம்மதியா, எடை இறங்கவே வேண்டாம் என்கிற நிம்மதியா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பயம் அப்போதுதான் வந்தது.

ஆலோசனை சொல்கிற அம்மா அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். உறுப்பு கொடுக்கிறவரிடம் தனியாகப் பேசுவது அங்கே வழக்கமாம். நாற்காலிக் கைப்பிடிகளுக்கு நடுவில் தூண் தன்னைத் திணித்துக்கொண்டான். அந்த அம்மா அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

அடிபட்டுப் படுத்தால் எடை திரும்புவது சாதாரணம் என்று ஆரம்பித்தார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது நடக்கிறது. போனதையெல்லாம் ஒரே வாரத்தில் பிடிக்கிறேன் என்று ஓடினால் மறுபடி விழுவீர்கள். முதலில் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள், முடிந்த தூரம் நடங்கள், முடியாத நாளில் பாதி தூரம் நடங்கள், விட்டுப்போன நாளுக்காக அழாதீர்கள் என்றார். தூண் தலையாட்டினான். பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை எல்லார்கிட்டயும் சொல்லுவோம், உங்ககிட்ட மட்டும் இல்ல. உங்களுக்கு இது வேண்டாம்னா என்கிட்ட சொன்னா போதும். உடல் தகுதி இல்லன்னு மட்டும் குடும்பத்துக்குச் சொல்லுவோம். காரணம் இந்த ரூமை விட்டுப் போகாது."

தூண் வாயைத் திறந்தான். அவர் தொடர்ந்தார். எடை கண்ணுக்கு எதிரே இருக்கும்போது யாரும் ஏனென்று கேட்கப்போவதுமில்லை என்றார்.

வருஷக்கணக்காக எத்தனையோ கதவுகளைக் கழற்றி மாட்டியவன் அவன். தன் வயிறே ஒரு கதவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் ஒளிந்துகொள்ள நல்ல அகலம். தாழ்ப்பாளும் உள்பக்கம். மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? பசிச்சுத் திங்கறேனா, பயந்துக்கிட்டுத் திங்கறேனான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அந்த அம்மா மூலையிலிருந்த எடை மெஷினைக் காட்டினார். எடை மெஷின் எடையைத்தான் சொல்லும், அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது என்றார். வார முடிவுக்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். சரி என்றாலும், வேண்டாம் என்றாலும், இன்னும் தெரியவில்லை என்றாலும் அவருக்கு அது பதில்தான்.

டயாலிசிஸ் அறையில் அக்கா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். கட்டிடங்களில் சிமெண்ட் சட்டி சுமந்தே இவனை வளர்த்தவள். கழுத்து இன்னும் அப்படியே விறைத்து நிற்கும், படுத்திருந்தாலும். கையிலிருந்து இரண்டு குழாய் மெஷினுக்குப் போனது. வாயில் ஒரு துண்டு ஐஸ்கட்டியை அடக்கியிருந்தாள். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் அவள், தாகத்துக்கு அதுதான்.

இவனைப் பார்த்ததும் ஐஸ்கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"வாடா. என்ன, மூஞ்சியைக் காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வந்திருக்க?"

ஸ்டூல் சின்னது. நின்றுகொண்டே இருந்தான். உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

தகுதியில்லையாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பொய் கூட இல்லை, இன்றைய தேதிக்கு அது உண்மை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்து, மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்ட கட்டில் மாதிரி முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது.

எடை ஏறியிருக்கிறது என்று சொன்னான். அக்கா, அது பார்த்தாலே தெரிகிறதே, அதைச் சொல்ல ஓர் அம்மா எதற்கு என்றாள். தூண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் புரியல அக்கா. நடக்கணும்னு வாசல்ல உக்காரறேன், எழுந்திருக்க மாட்டேங்கறேன். திங்கக் கூடாதுன்னு நெனைக்கறேன், பாத்தா கையில எலும்பு இருக்கு. உனக்குக் குடுக்க பயந்துக்கிட்டுத்தான் இப்படிப் பண்றேனோன்னு தோணுது. இல்லன்னும் தோணுது."

வெண்ணெயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியாது.

மெஷின் தன்பாட்டுக்குச் சுற்றியது. பக்கத்துக் கட்டில்காரர் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா மேற்கூரையைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று இவன் பயந்தான். அவள் ஐஸ்கட்டியைக் கடித்து விழுங்கினாள்.

"நேத்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். முழுசா. காலையில இங்க வந்ததும் நர்ஸ் கண்டுபிடிச்சு, புள்ளையத் திட்டற மாதிரி திட்டினா. நான் சாகணும்னாடா குடிச்சேன்? தாகமா இருந்தது, குடிச்சேன்."

தூணுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனால் அக்கா விடவில்லை. கண்ணை மேற்கூரையிலிருந்து இறக்கி இவன் மேல் வைத்தாள்.

"ஆனா, குடிச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் குடிச்சேன். அதையும் சொல்லிடறேன்."

இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கின மாதிரி தெரியவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும், சொல்லித் தீராத ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் அக்காதான் எரிச்சலோடு கையை அசைத்தாள், குழாய் இல்லாத கையை.

கிட்னியை இன்றைக்கே அறுத்துத் தரும்படி தான் கேட்கவில்லை என்றாள். கொடுப்பதும் கொடுக்காததும் அப்புறம். பயமாக இருந்தால் இருக்கட்டும், அவளுக்கும்தான் பயமாக இருக்கிறது. தம்பியை மேஜையில் படுக்கவைத்து அறுத்ததில் ஏதாவது ஆகிவிட்டால் அதற்கப்புறம் தனக்கு எத்தனை கிட்னி இருந்து என்ன என்று ராத்திரியெல்லாம் புரள்கிறாளாம். இதை அத்தானிடம்கூடச் சொல்லவில்லை என்றாள்.

"தெரியலன்னா தெரியலன்னு இரு. அதுக்காக எதுக்கு வாசல்லயே உக்காந்திருக்க? நான் ஊசி குத்தி இங்க கெடக்கேன், எழுந்திருக்க முடியாது. உன்னை யாருடா கட்டிப் போட்டா? இந்த வராண்டாவுல அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வா. எனக்காக இல்ல. உன் மூச்சு சத்தம் எனக்குப் பிடிக்கல."

தூண் வெளியே வந்தான்.

வராண்டா நீளமானது. ஒரு கோடியில் எக்ஸ்ரே அறை, மறு கோடியில் மருந்து வாங்கும் ஜன்னல். தள்ளுவண்டிகள் போய்ப் போய்த் தரையில் இரண்டு கோடு தேய்ந்திருந்தது. வேலைக்குப் போடும் பூட்ஸோடு, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, நடந்தான். முழங்கால் வலித்தது. நிஜ வலிதானா என்று விசாரிக்காமல் வலிக்கவிட்டான்.

மனைவி அதே பெஞ்சில் இருந்தாள். முதல் தடவை அவன் கடந்தபோது கழிப்பறைக்குப் போகிறான் என்று நினைத்திருப்பாள், காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கடந்தபோது அவன் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. இந்த நடை சரி என்று சொல்லுகிற நடையா, வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் மனசைத் தேற்றிக்கொள்கிற நடையா என்று அவனை நிறுத்திக் கேட்டிருந்தால் முழித்திருப்பான். அந்தக் கோடி வந்ததும் திரும்ப வேண்டும். அது மட்டும் தெரிந்தது.

மருந்து ஜன்னலைத் தொட்டுத் திரும்பினான். தூரத்தில் மனைவி எழுந்திருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வராண்டாவின் நடுவில், அவன் வரும் வழியிலேயே நின்றாள். கூட நடக்க வந்து நிற்கிறாளா, போதும் வீட்டுக்குப் போகலாம் என்று மறிக்க வந்து நிற்கிறாளா என்று அவள் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. வெளிச்சம் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

தூண் நடையைக் குறைக்கவில்லை. கிட்டே போனால்தான் தெரியும்.